அக்காவுக்கு ஓவர்லாக் மெஷின் பரிசு: எதைப் பார்த்து வாங்கணும்?

அக்காவின்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். தையல் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அதை முதல்லயே சொல்லிடறேன். சட்டைப் பட்டன் அறுந்தாக்கூட அக்காகிட்டதான் நீட்டுவேன். அவளுக்கு அடுத்த மாசம் பிறந்தநாள். பத்து வருஷமா சாதாரண வீட்டு மெஷின்ல தைக்கிறா. பிள்ளைகளுக்கு கவுன், டிராயர், பனியன் துணியில சட்டைன்னு எப்பவும் ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கும். போன தடவை போனப்ப, "தைச்சு முடிச்சு உள்பக்கம் திருப்பிப் பார்த்தா வெறுப்பா இருக்கு, பிசிறு பிசிறா நிக்குது"ன்னு சொன்னா. தேடிப் பார்த்தேன். ஒரு இடத்துல ஓவர்லாக்னு போட்டிருக்கு, ஒரு இடத்துல செர்ஜர், இன்னொரு இடத்துல இன்டர்லாக். மூணும் ஒண்ணா? 3 நூல், 4 நூல், 5 நூல்னு வேற இருக்கு. எதை வாங்குறது? அவளுக்குத் தெரியாம வாங்கி வைக்கணும், அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

ஊசிக்காது:
தம்பி, செர்ஜரும் ஓவர்லாக்கும் ஒண்ணுதான். பேச்சுவழக்குல இன்டர்லாக்னு சொல்றதும் பெரும்பாலும் இதைத்தான், ஆனா அந்தப் பேர்ல ஒரு பின்னல் துணியும் (பனியன் துணி மாதிரி இழுபடுறது) இருக்கு. அதனால கடையில ஓவர்லாக்னே கேளுங்க.

இது செய்யுற வேலை மூணு. துணியைச் சேர்த்துத் தைக்கும், ஓரத்தைக் கத்தியால வெட்டும், வெட்டின ஓரத்தைச் சுத்தி நூலால மூடும். மூணும் ஒரே ஓட்டத்துல நடக்கும். சாதாரண மெஷின்ல அடியில நூல் சுத்தி வெக்கிற பாபின் இதுல கிடையாது. அதுக்குப் பதிலா மேல் லூப்பர், கீழ் லூப்பர்னு ரெண்டு வளைஞ்ச கம்பி. ஊசி கொண்டு வர்ற நூலை அந்த ரெண்டும் மாத்தி மாத்திப் பிடிச்சுப் பின்னும்.

4 நூல் மெஷின் வாங்குங்க. ரெண்டு ஊசி, ரெண்டு லூப்பர். ஒரு ஊசியைக் கழட்டினா அதே மெஷின் 3 நூல் ஆயிடும். இடது ஊசியை மட்டும் வெச்சா தையல் அகலமா வரும், வலது மட்டும்னா ஒடுக்கமா வரும். 5 நூல்ங்கிறது 2 நூல் சங்கிலித் தையலும் 3 நூல் ஓவர்லாக்கும் பக்கத்துல பக்கத்துல விழுறது. கெட்டித் துணிக்கு நல்லது. பிள்ளை கவுனுக்கு அவ்வளவு தேவையில்லை.

அரைமீட்டர்:
நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுறேன், கோவிச்சுக்காதீங்க. ஓரம் பிசிறுதுன்னா அதுக்கு மெஷின் வாங்கணுமா? இருக்கிற மெஷின்லயே ஓரத்துல ஜிக்ஜாக், அதாவது வளைஞ்சு வளைஞ்சு போற தையல், அடிக்கலாம். மெல்லிசு துணின்னா பிரெஞ்சு தையல் போடலாம்: நல்ல பக்கம் வெளியே தெரியுற மாதிரி சேர்த்து ஒரு தையல், ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி இன்னொரு தையல். பிசிறு உள்ளேயே அடைஞ்சு போயிடும். துணியைக் குறுக்கா வெட்டின பட்டியை ஓரத்துல வெச்சுக் கட்டினா ஓவர்லாக்கைவிட அழகு.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. பிள்ளைத் துணின்னா உள்ளே ஒரு விரல் துணி விட்டுத்தானே தைப்போம், வளர வளரப் பிரிச்சு விடலாம்னு? ஓவர்லாக்ல பக்கத் தையல் போட்டா அந்த விரல் அளவு துணி கத்தியில போயிடும். 5, 6 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அடுத்த வருஷம் எதைப் பிரிக்கிறது?

கோன்நூல்:
பிரெஞ்சு தையலைப் பனியன் துணியில போட்டுக் காட்டுங்க அரைமீட்டர், பார்க்க ஆசையா இருக்கு. கயிறு மாதிரி தடிப்பா நிக்கும். இழுத்தா நூல் அறும். பின்னல் துணி இழுபடும்போது தையலும் கூடவே இழுபடணும், அதுக்குத்தான் ஓவர்லாக்.

பிரிச்சு விடுற பேச்சு நியாயம்தான். அதுக்கு வழி இருக்கு. ரெண்டு துண்டையும் தனித்தனியா ஓரம் மட்டும் ஓவர்லாக் அடிச்சுக்கிட்டு, பிறகு சாதாரண மெஷின்ல ஒரு விரல் விட்டுச் சேர்த்துத் தைக்கணும். நெய்த துணிக்கு நான் அப்படித்தான் செய்வேன். கத்தியை மடக்கி வெச்சும் ஓரம் அடிக்கலாம்.

தம்பிக்கு என் யோசனை: பழைய தொழிற்சாலை மெஷின் நல்ல நிலையில கிடைச்சா அதை எடுங்க. வருஷக்கணக்கா பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டினவன் நான். நிமிஷத்துக்கு 5,000 தையலுக்கு மேல போகும், காலம் பூரா உழைக்கும். வீட்டு மெஷின் 1,300, 1,500லயே நின்னுடும்.

பழுதுபார்ப்பவன்:
கோன்நூல் அண்ணன் சொல்வது ஓட்டுபவருக்குச் சரி. பரிசாக வாங்குபவருக்கு அல்ல. தொழிற்சாலை மெஷின் என்றால் தலை தனி, மேசை தனி, மோட்டார் தனி. பிறந்தநாள் காலையில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி வைக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியைக் கவனிக்க வேண்டும். ஊசியும் வேறு. அவற்றில் பல டிசிX27 என்ற வகையைக் கேட்கும். வீட்டு மெஷின் ஊசி அதில் ஏறாது. பிள்ளைகள் தூங்கும்போது ஓட்ட நினைத்தால் அந்தச் சத்தத்துக்கு முதலில் பிள்ளைகள்தான் எழுவார்கள்.

வீட்டு மெஷினிலேயே பாருங்கள். என் பட்டறைக்கு வருகிற மெஷின்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் டிஃபரென்ஷியல் ஃபீட். அடியில் துணியைத் தள்ளும் பல்வரிசை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே அளவில் தள்ளினால் 1. முன் பல் அதிகம் தள்ளினால் 2 வரை போகும், பின்னல் துணி அலை அலையாக விரியாமல் படியும். 1-க்குக் கீழே, 0.7 வரை இறக்கினால் துணி இழுத்துத் தைக்கப்படும், மெல்லிய துணியில் சுருக்கம் விழாது. பனியன் துணி தைப்பவருக்கு இது இல்லாத மெஷினை வாங்கித் தராதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

இரண்டாவது, ஊசி வகை. வீட்டு மெஷினின் 130/705ஹெச் ஊசியையே ஏற்கும் மெஷின் என்றால் வீட்டில் இருப்பதே போதும். சில மெஷின்கள் இஎல்X705 கேட்கும். தவறில்லை, ஆனால் தீர்ந்த அன்று தேடி அலைய வேண்டும். மூன்றாவது, கத்தி தனியாக மாற்றக் கிடைக்கிறதா, அருகில் பழுது பார்க்க ஆள் உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். குண்டூசியை எடுக்க மறந்து ஓட்டி, கத்தியில் பல் விழுந்து வருகிற மெஷின்கள்தான் எனக்குப் பாதிப் பிழைப்பு.

உதாரணத்துக்குச் சொன்னால், பிரதர் 1034டி 3, 4 நூல் போடும், டிஃபரென்ஷியல் 0.7 முதல் 2 வரை. ஜுகி எம்ஓ-654டிஇ 2 நூலும் போடும். இந்தத் தரத்தில் எந்த நல்ல பெயரும் அக்காவுக்குப் போதும்.

பிசிறு:
யாரும் கேக்காத ஒரு கேள்வி. அக்காவுக்கு இது வேணுமா?

என் கதையைச் சொல்றேன். வீட்டுக்காரர் ஆசையா, எனக்குத் தெரியாம, ஓவர்லாக் வாங்கிட்டு வந்தார். பெட்டியைத் திறந்தேன். நாலு கோன் நூல், நூலோட இறுக்கத்தை மாத்துற நாலு டென்ஷன் திருகு, கதவைத் திறந்தா குடல் மாதிரி கொக்கி கொக்கியா இருக்கு. மூடிட்டேன். ரெண்டு வருஷம். நம்புங்க, ரெண்டு வருஷம் அது கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. அவர் கேக்கும்போதெல்லாம் "நேரமில்லை"ன்னு சொல்லுவேன், அவருக்கும் வருத்தம், எனக்கும் குற்ற உணர்ச்சி. அப்புறம் ஒரு தோழி வந்து பக்கத்துல உக்காந்து ஒரு மத்தியானம் சொல்லிக் கொடுத்தா. இன்னிக்கு அது இல்லாம எனக்கு ஓடாது.

அதனால ரகசியத்தை விட்டுடுங்க தம்பி. கேட்டுட்டு வாங்குங்க. ரகசியம்தான் வேணும்னா, பக்கத்துல உக்காந்து கோர்த்துக் காட்ட ஒரு ஆளையும் சேர்த்துப் பரிசு கொடுங்க.

அக்காவின்தம்பி:
பயமுறுத்திட்டீங்களே! நூல் கோர்க்கிறது அவ்வளவு கஷ்டமா? அக்காவுக்கு நாற்பத்தாறு வயசு, இப்பவே ஊசி கோர்க்கப் பெரியவளைக் கூப்பிடுறா. காத்தை ஊதி நூல் கோர்க்கிற மெஷின் இருக்காமே?

ஊசிக்காது:
இருக்கு. பேபி லாக் மெஷின்கள் அதுக்குப் பேர் போனவை. ஒரு துளையில நூல் நுனியை வெச்சு அழுத்தினா, குழாய் வழியா லூப்பர் முனைக்குப் போய் நிக்கும். நல்ல வசதி. ஆனா விலை ஒரேயடியா ஏறிடும். அது பெரும்பாலும் லூப்பருக்குத்தான், ஊசிக்கு அதுல ஒரு சின்னக் கொக்கி வெச்சிருப்பாங்க. கையில காசு தாராளமா இருந்தா யோசிக்காம எடுங்க.

இல்லைன்னா பயப்பட வேண்டாம். வழி முழுக்க நிறம் பூசியிருக்கும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நிறம், கதவுக்குப் பின்னாடி படமும் இருக்கும். கோர்க்கிற வரிசைதான் உயிர்: மேல் லூப்பர், கீழ் லூப்பர், அப்புறம் வலது ஊசி, இடது ஊசி. பெரும்பாலான வீட்டு மெஷினுக்கு இதுதான், இருந்தாலும் கையேட்டைப் பாருங்க. ஊசியில நூல் இருக்கும்போதே கீழ் லூப்பரைத் திரும்பக் கோர்த்தா ரெண்டே தையல்ல டப்புனு அறும். நாமளும் "டென்ஷன் சரியில்லை"ன்னு திருகைத் திருகிக்கிட்டே இருப்போம்.

நிறம் மாத்த முழுசா கோர்க்கவே தேவையில்லை. பழைய நூலைக் கோன் பக்கத்துல வெட்டி, புது நூலை அதோட முடிச்சுப் போட்டு, டென்ஷனைத் தளர்த்தி மெதுவா இழுத்தா புது நூல் தானா வந்து சேரும். ஊசிக்கு முன்னால முடிச்சை வெட்டிட்டு ஊசியை மட்டும் கையால கோர்க்கணும். முடிச்சு ஊசிக் காதுல நுழையாது.

இன்னொண்ணு. நிறைய மெஷின் ஏற்கெனவே நூல் கோர்த்து, மாதிரித் துணி ஒண்ணு மாட்டித்தான் பெட்டியில வரும். அதை யாரும் உருவிடாதீங்க.

பழையகத்தரி:
இடையில் ஒரு சிறு கிளைக்கதை. இந்த லூப்பர் வேலையை உற்றுப் பார்த்தால் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பின்னல் போலவே இருக்கும், காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மெரோ குடும்பத்தினர் 1838-இலிருந்து பின்னலாலை நடத்தி வந்தார்கள். ஓரங்களைக் குரோஷே முறையில் முடிக்க ஒரு மெஷின் செய்து காப்புரிமை பெற்றார்கள். ஓவர்லாக்கின் மூதாதை அதுதான். இன்றும் துணிச் சின்னங்களைச் சுற்றிப் புடைத்து நிற்கும் அந்தக் கெட்டி ஓரத்துக்கு மெரோ ஓரம் என்றே பெயர்.

அரைமீட்டர்:
கத்தரி ஐயா, தம்பி மெஷின் வாங்க வந்திருக்கார், அருங்காட்சியகம் பார்க்க இல்லை :)

ஊசிக்காது:
எனக்கு ஒரு சந்தேகம் வந்துக்கிட்டே இருக்கு. தம்பி, அக்கா அன்னிக்குப் பிசிறைப் பத்தி மட்டும்தான் சொன்னாங்களா? வேற ஏதாவது?

அக்காவின்தம்பி:
யோசிச்சுப் பார்த்தா, சின்னவனோட பனியன் சட்டையைக் காட்டி, "கீழ் மடிப்பு பாரு, தலை வழியா கழட்டும்போதே படபடன்னு தையல் விட்டுடுது, கடைச் சட்டையில ரெட்டைத் தையல் எப்படித்தான் போடுறாங்களோ"ன்னும் சொன்னா. அதுவும் ஓவர்லாக்ல சரியாயிடும்தானே?

ஊசிக்காது:
ஆகாது. நல்லவேளை கேட்டேன்.

கடைச் சட்டையின் கீழ் மடிப்புல மேலே ரெண்டு வரி நேர்த் தையலும், உள்ளே ஏணி மாதிரி பின்னலும் இருக்கும் பாருங்க, அது கவர்ஸ்டிட்ச். அது தனி மெஷின். அதுல கத்தி கிடையாது, துணியின் நடுவுல ஓடும். ஓவர்லாக் ஓரத்துல மட்டும்தான் ஓடும். ரெண்டையும் குழப்பிக்கிட்டு வாங்கி, "இதுல மடிப்பு அடிக்க முடியலையே"ன்னு நிக்கிறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஓவர்லாக் வாங்கினாலும் பழைய மெஷினை ஓரம் கட்ட முடியாது. காஜா (பட்டன் துளை), ஜிப், மேல் தையல் எல்லாம் அதுலதான்.

கோன்நூல்:
ரெண்டும் சேர்ந்த மெஷினும் இருக்கு. ஆனா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்னா கத்தியை மடக்கி, தட்டை மாத்தி, ஊசி இடம் மாத்தி, நூலைத் திரும்பக் கோர்த்து... ஒரு சட்டைக்கு ரெண்டு தடவை இதைச் செஞ்சா பாட்டு பாடிக்கிட்டே தைக்கிற அக்காவும் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க. எனக்குப் பிடிக்காது.

மடிப்புக்கு மட்டும்னா இரட்டை ஊசி வாங்கிக் கொடுங்க, பின்னல் துணிக்கானது. ஒரே தண்டுல ரெண்டு ஊசி. ஜிக்ஜாக் போடுற வீட்டு மெஷின்னா பெரும்பாலும் மாட்டலாம். மேலே ரெண்டு வரி, கீழே பாபின் நூல் ஜிக்ஜாக்கா போகும், கொஞ்சம் இழுபடும். கவர்ஸ்டிட்ச் அளவுக்கு வராது, ஆனா தலை வழியா கழட்டும்போது விடாது.

பிசிறு:
அப்போ எது வேணும்னு எப்படி முடிவு பண்றது? நான்தான் சொன்னேனே, கேட்டுடுங்கன்னு.

பழுதுபார்ப்பவன்:
கேட்காமலும் தெரிந்துகொள்ளலாம். அவர் தைத்த துணிகளை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையல், தோள், கை இவற்றின் ஓரம்தான் தொல்லை என்றால் ஓவர்லாக். ஓரமெல்லாம் ஒழுங்காக இருந்து மடிப்பு மட்டும் விட்டுப் போயிருந்தால் கவர்ஸ்டிட்ச். நெய்த துணி எத்தனை, பின்னல் துணி எத்தனை என்றும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

அக்காவின்தம்பி:
போய்ட்டு வந்தேன். துவைச்ச துணியை மடிச்சுத் தர்றேன்னு உக்காந்தேன், அக்காவுக்கு மயக்கமே வந்துடுச்சு, "உனக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டா. கணக்கு இது: நெய்த துணி ஒன்பது, பனியன் துணி அஞ்சு. ஒன்பதுலயும் ஓரம் ஜிக்ஜாக் அடிச்சிருக்கு, மெல்லிசு துணியில அந்த ஜிக்ஜாக்கே ஓரத்தைச் சுருட்டி இழுத்து வெச்சிருக்கு, நாலு கவுன்ல தாண்டிப் பிசிறிடுச்சு. பனியன் சட்டை அஞ்சுல மூணுக்குக் கீழ் மடிப்பு போச்சு.

ரகசியம் பாதி உடைஞ்சுது. பிசிறு அக்கா சொன்னது மனசுல உறுத்திக்கிட்டே இருந்ததால, "உனக்கு ஓவர்லாக் மெஷின் இருந்தா வெச்சு ஓட்டுவியா"ன்னு பேச்சோட பேச்சாக் கேட்டேன். "வெக்க இடம் இருந்தா ஓட்டுவேன்"னு சொன்னா. மேசையை அளந்துட்டேன், பழைய மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினா இடம் இருக்கு.

ஊசிக்காது:
அப்போ ஓவர்லாக்தான், கூடவே இரட்டை ஊசி ஒரு பாக்கெட். கூட வேற என்ன கொடுக்கணும்னும் சொல்றேன். கோன் நூல், ஓவர்லாக்குக்கான மெல்லிசு பாலியெஸ்டர் நூல். ஒவ்வொரு நிறத்துலயும் நாலு நாலா வாங்கினா செலவு எங்கேயோ போகும். வெள்ளை நாலு, சாம்பல் நாலு போதும். வெளியே எட்டிப் பார்க்கிறது இடது ஊசி நூல் மட்டும்தான், அதை மட்டும் துணி நிறத்துக்கு மாத்திக்கலாம். சாம்பல் எல்லா நிறத்துக்குள்ளயும் ஒளிஞ்சுக்கும்.

அப்புறம் நாலு வேற வேற நிறத்துல ஒவ்வொரு கண்டு. மெஷின்ல பூசின அதே நாலு நிறம்னா இன்னும் நல்லது. பழகும்போது அதைக் கோர்த்து வேஸ்ட் துணியில ஓட்டினா எந்த நூல் எங்க போகுதுன்னு கண்ணாலயே தெரியும். ரெண்டு லூப்பர் நூலும் சரியா ஓரத்துல சந்திக்கணும். மேல் லூப்பர் நூல் அடிப்பக்கம் சுத்திப் போனா மேல் லூப்பர் தளர்ச்சி, இல்லைன்னா கீழ் லூப்பர் இறுக்கம். தைச்ச துணியை ரெண்டு பக்கமும் விரிச்சு இழுக்கும்போது நடுவுல சீப்புப் பல் மாதிரி நூல் தெரிஞ்சா இடது ஊசியைக் கொஞ்சம் இறுக்கணும்.

அரைமீட்டர்:
சரி, நானும் ஒண்ணு சேர்க்கிறேன். இதுல திரும்பித் தைச்சுக் கட்டு போட முடியாது. முடிவுல விடுற சங்கிலி வாலைக் காது பெருசா இருக்கிற கையூசியில கோர்த்துத் தையலுக்குள்ள நுழைச்சு விடணும். அந்த ஊசியையும் வாங்கிப் போடுங்க. ஒரு நல்ல பிரஷ்ஷும். பஞ்சு அப்படிச் சேரும்.

அக்காவின்தம்பி:
பிறந்தநாள் முடிஞ்சுது. அக்கா பெட்டியைப் பார்த்துட்டு அரை மணி நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மாமாவைத் தள்ளிட்டு மேசையைக் காலி பண்ணினா. அதுவரை நல்லாத்தான் இருந்துச்சு.

மாதிரித் துணி மாட்டியே வந்துச்சு, யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு நான் தண்ணி குடிக்கப் போனேன். மாமா "ஏதோ நூல் தொங்குது"ன்னு சொல்லி அழகா உருவிட்டார். ஒண்ணு இல்லை, நாலும். இப்போ அக்காவும் நானும் ஒரு மணி நேரமா கோர்த்துக்கிட்டு இருக்கோம். மூணு நூல் நிக்குது, நீல நூல் மட்டும் ரெண்டு தையல்ல அறுந்துக்கிட்டே இருக்கு. டென்ஷனைத் தளர்த்திப் பார்த்தாச்சு.

ஊசிக்காது:
உங்க மெஷின்ல நீலம் கீழ் லூப்பரா? அறுந்ததும் அதை மட்டும் திரும்பக் கோர்த்தீங்களா?

அக்காவின்தம்பி:
ஆமா, ஆமா. ரெண்டுக்கும் ஆமா.

ஊசிக்காது:
திருகைத் தொடாதீங்க, பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க. ரெண்டு ஊசியில இருந்தும் நூலை வெளியே எடுங்க. கதவைத் திறந்து, ஊசி நூல் கீழ் லூப்பர்ல மாட்டிக் கிடக்குதான்னு பார்த்து எடுத்து விடுங்க. இப்போ நீலத்தைக் கோருங்க. அது முடிஞ்ச பிறகு வலது ஊசி, இடது ஊசி. சக்கரத்தைக் கையால நாலு சுத்து சுத்திப் பார்த்துட்டு அப்புறம் மிதிங்க.

பிசிறு:
மாமாவைச் சமையலறைக்கு அனுப்பிடுங்க முதல்ல.

அக்காவின்தம்பி:
வந்துடுச்சு! சங்கிலி நீளமா இறங்குது, வெட்டவே மனசு வரலை. அக்கா கிழிஞ்ச தலையணை உறையை எடுத்து நாலு பக்கமும் ஓட்டிட்டு, இப்போ வீட்டுல வேற என்ன பிசிறியிருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கா. மாமா சட்டை ஒண்ணு கையில எடுத்திருக்கா. அது நல்ல சட்டை.